வராத நாளுக்கும் காசு

பெரியம்மாவுக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. அவள் வீட்டில் பகல் முழுக்க விடப்படும் பிள்ளைகள் அவளைப் பெரியம்மா என்று கூப்பிட, கொண்டுவந்து விடுகிற அப்பா அம்மாக்களும் அப்படியே கூப்பிட, கடைசியில் குழாய் ரிப்பேர் பார்க்க வருகிற, தலை முழுக்க நரைத்த மனிதர்கூட "பெரியம்மா, வால்வு போயிடுச்சு" என்று சொல்லும்படி ஆகிவிட்டது. முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. பிறகு, கூப்பிட்டுத் தொலையட்டும் என்று விட்டுவிட்டாள். காசு விஷயத்தில் மட்டும் அவள் எதையும் அப்படி விட்டுக்கொடுத்தவள் இல்லை.

நாலு மாடிக் கட்டடத்தில் தரைத்தளம் அவளுடையது. முன்னறை பிள்ளைகளுக்கு. பின்னறை அவளுக்கும் அவள் புருஷனுக்கும். புருஷன் ஒரு சரக்குக் கிடங்கில் இரவு வாட்ச்மேன். காலையில் வந்து படுத்தால், முன்னறையில் பிள்ளைகள் கட்டடத்தையே தலைகீழாகக் கவிழ்த்தாலும் குறட்டை விடுவார். திடீரென்று சத்தம் நின்றால்தான் திடுக்கிட்டு எழுந்து, "என்னாச்சு?" என்று கேட்பார். இரவெல்லாம் கண் விழித்துப் பழகிய மனிதருக்கு அமைதிதான் பயம்.

முன்னறைச் சுவரில் அஞ்சு கொக்கி. அஞ்சு கொக்கியிலும் அஞ்சு பை. அலமாரியில் அஞ்சு தம்ளர், மூலையில் சுருட்டி வைத்த அஞ்சு பாய். ஆறாவது பிள்ளைக்கு அங்கே வழியில்லை. பார்வையிட வந்த அதிகாரி அறையை நீளத்திலும் அகலத்திலும் அளந்து பார்த்துவிட்டு, அஞ்சு பேருக்கு மேல் ஒரு பிள்ளை இருந்தாலும் இழுத்து மூடிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

தொழிலை ஆரம்பித்த புதிதில் அவள் பிள்ளை வந்த நாளுக்கு மட்டும்தான் காசு வாங்கினாள். அது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று. தும்மினால் லீவு, தூறினால் லீவு, ஊரிலிருந்து சித்தி வந்தால் லீவு. பிள்ளைகள் வீட்டில் சுகமாகப் படுத்திருக்க, இவள் வாடகைக்கு முழி பிதுங்கினாள். பிள்ளைக்குச் சளி பிடித்தது என்று எந்த வீட்டுக்காரரும் வாடகையைக் குறைப்பதில்லை. அன்றிலிருந்து சட்டம் போட்டுவிட்டாள்: ஒண்ணாம் தேதி முழு மாதக் காசு. பிள்ளை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

இந்தச் சட்டத்தோடு மல்லுக்கட்டாத பெற்றோர் அபூர்வம். அப்போதிருந்த பிள்ளைகளில் ஒருவனுக்கு வாத்து என்று பெயர். நடை அப்படி. வாத்தின் அப்பா வங்கியில் குமாஸ்தா, எதையும் கணக்கோடு பேசுகிறவர்.

"ஒரு வாரத்துக்கு மேல பையன் வீட்லயே இருந்தான் பெரியம்மா. உங்க வீட்ல ஒரு வாய் தண்ணி குடிக்கல. அதுக்கும் சேத்துக் காசுன்னா எப்படி?"

"அந்த ஒரு வாரமும் நான் அவன் பாயை விரிச்சேனா இல்லையா?"

"அவன்தான் வரலையே, எதுக்கு விரிச்சீங்க?"

"வந்துட்டா? மத்தியானம் காய்ச்சல் விட்டுப்போச்சுன்னு நீங்க தூக்கிட்டு வந்து நின்னா, இடமில்லன்னு நான் சொல்லவா? நீங்க குடுக்கறது பிள்ளையப் பாத்துக்கறதுக்கு மட்டும் இல்ல சார். இடத்தப் பிடிச்சு வைக்கறதுக்கும் சேத்துத்தான். வராத அன்னைக்கும் அது அவன் இடம். வேற ஒரு பிள்ளைய அதுல உக்கார விடமாட்டேன்."

"எங்க பேங்க்லகூட இவ்வளவு கறார் இல்ல" என்று முனகிக்கொண்டே அவர் எண்ணிக் கொடுத்தார்.

அவள் சொன்னது பேச்சுக்குச் சொன்னதும் இல்லை. மத்தியானத் தூக்க நேரத்தில் அஞ்சு பாயையும் விரித்துவிடுவாள். வராத பிள்ளையின் பாயும் தலையணையோடு அதன் இடத்தில் கிடக்கும். மற்ற பிள்ளைகள் உருண்டு புரண்டு அதன் மேல் வந்தால், காலைப் பிடித்து இழுத்து அவரவர் பாயில் போடுவாள். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். காசு வாங்கியிருக்கிறோமே என்பது அவள் நியாயம்.

அஞ்சு பேரில் ஒருத்திதான் மேஸ்திரி. மூன்றரை வயது. இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாளானால் கட்டட வேலைக்கு ஆள் இறக்கியவள் மாதிரி இருப்பாள். செருப்புகள் ஜோடி ஜோடியாக இருக்கிறதா, தம்ளரைக் கழுவி வைத்தார்களா, வாத்து தன் பையைத் தன் கொக்கியில்தான் மாட்டினானா, எல்லாம் அவள் பொறுப்பு. குழாய்க்காரர் வந்தபோது அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்று, அவர் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில், "இன்னும் சொட்டுது" என்றாள். சொட்டத்தான் செய்தது. மனிதர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். மேஸ்திரி என்ற பெயரை வைத்ததே அவர்தான்.

அவளுடைய அம்மா துணி ஆலையில் தையல்காரி. அப்பா சரக்கு வேன் ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூர். தையல்காரி வாய் திறந்து பேசுகிற ரகமில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து பிள்ளையை விட்டுவிட்டு, ஷிப்டுக்கு ஓடுவாள். ஒண்ணாம் தேதி தவறாமல் காசை மடித்துக் கையில் வைப்பாள். சட்டத்தைப் பற்றி ஒரு நாளும் கேள்வி கேட்காத ஒரே ஆள் அவள்தான்.

நோயை முதலில் பார்த்தது பெரியம்மா. உடுப்பு மாற்றும்போது பிள்ளையின் கெண்டைக்காலில் நீலமாகக் கன்றிய ஒரு தடம். விழுந்திருப்பாள் என்று நினைத்தாள். அது மறைவதற்குள் முதுகில் ஒன்று, தோளில் ஒன்று. மேஸ்திரி காலையிலேயே சுவரில் சாய்ந்து தூங்க ஆரம்பித்தாள். வாத்து செருப்பைக் கழற்றித் திசைக்கொன்றாக வீசினான், அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பெரியம்மா தையல்காரியை நிறுத்தி, "நாளைக்கு வேலைக்கு லீவு போட்டுட்டு டாக்டர்கிட்ட காட்டு" என்றாள். தையல்காரி அந்தத் தடங்களைப் பார்த்தாள், பிறகு பெரியம்மாவின் கைகளைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பெரியம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் பெற்றவளுக்கு அந்தச் சந்தேகம் வராவிட்டால்தான் தப்பு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த ஒண்ணாம் தேதி தையல்காரி தனியாக வந்தாள்.

"ரத்தத்துல ஏதோ கோளாறாம் பெரியம்மா. பெரிய ஆஸ்பத்திரியில சேத்துட்டோம். மருந்து ரொம்ப நாள் குடுக்கணுமாம். சரியாயிடும்னாங்க. அதுவரைக்கும் அவ வரமாட்டா." சொல்லிக்கொண்டே வழக்கம்போல மடித்த காசை நீட்டினாள்.

பெரியம்மா வாங்கிக்கொண்டாள். யோசித்து வாங்கினாள் என்று சொல்ல முடியாது. நீட்டினாள், கை தானாகப் போயிற்று. "அவ இடம் அப்படியே இருக்கும். நீ கவலப்படாத" என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டதும் தையல்காரியின் முகம் லேசானது.

அதற்கு அடுத்த மாதமும் வந்தாள். அதற்கும் அடுத்த மாதமும் வந்தாள். ஆலைக்குப் போவதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியே கதி என்று கிடப்பவளுக்குப் பிள்ளையை விடுவதற்கு ஓர் இடம் எதற்கு? ஆனாலும் ஒண்ணாம் தேதி இரண்டு பஸ் மாறி, பிள்ளைகள் தூங்குகிற நேரமாகப் பார்த்து வந்துவிடுவாள். நாலு பிள்ளைகள் வாயைப் பிளந்து தூங்க, நடுவில் ஒரு பாய் வெறுமனே கிடக்கும். குனிந்து அதன் ஓரத்தைச் சரிசெய்வாள். தலையணையைத் தட்டி வைப்பாள். காசைக் கொடுப்பாள்.

ஒரு தடவை கேட்டாள், "அவளுக்கு முடியெல்லாம் கொட்டிப்போச்சு பெரியம்மா. திரும்பி வந்தா மத்தப் பிள்ளைங்க சிரிக்குமா?"

"சிரிச்சா உன் மக சும்மா விடுவாளா? எல்லாருக்கும் மொட்டை போடச் சொல்லி என்னைத்தான் மிரட்டுவா."

தையல்காரி சிரித்தாள். தூங்குகிற பிள்ளைகள் விழித்துவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பெரியம்மாவுக்குத்தான் அந்தக் காசு கையைச் சுட்டது. வாங்கிய காசில் ஒன்றைக்கூட அவளால் செலவழிக்க முடியவில்லை. அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் போனாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாட்ச்மேன் வேறு சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு குத்திக் காட்டினார்.

"ஆலையில இருக்கற பொண்ணுங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவங்களுக்குக் குடுத்திருக்காங்க. ஊரே அள்ளிக் குடுக்குது. நீ அவங்ககிட்டயே வாங்கற. இது நமக்கு ஒட்டுமா?"

"அவளாத்தானே குடுக்கறா?"

"அவ குடுப்பா. வாங்கற கைக்குப் புத்தி வேண்டாமா?"

அவர் சொன்னதையாவது காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டிருப்பாள். பேக்கரிக்காரி சொன்னதுதான் தைத்தது. தெருமுனை பேக்கரியில் வேலை பார்க்கிற பெண் அவள். ஒரு வயதுகூட ஆகாத குழந்தை. பார்த்துக்கொள்ள ஆளில்லை. மாவு வந்த அட்டைப் பெட்டியில் துணியை விரித்து, குழந்தையைக் கல்லாவுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு வேலை செய்தாள். முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து பெட்டியோடு வராதே என்று சொல்லிவிட்டார்.

"இங்க நாலு பிள்ளைதானே இருக்கு பெரியம்மா?"

"அஞ்சு."

"நான் இப்பதான் எண்ணிப் பாத்தேன்."

"ஒண்ணுக்கு உடம்பு சரியில்ல. வரும்."

"எப்ப வரும்?"

 பேக்கரிக்காரி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, வெறும் பாயையே பார்த்தாள்.

"காலியா கிடக்கற பாய்க்கு அந்தக்கா காசு குடுக்குதுன்னு தெருவே சொல்லுது. குடுக்கறதுக்குத் தயாரா இருக்கற எனக்கு இடமில்ல. அவங்களும் பாவம், நானும் பாவம். உங்களுக்கு மட்டும் ஒரு நஷ்டமும் இல்ல."

அன்று பெரியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. கல்லும் கரையும் என்பார்களே, அந்த மாதிரி கரையவில்லை அவள், அவமானமாக இருந்தது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். வாங்கின காசையெல்லாம் தையல்காரியிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது. இனிமேலும் வாங்குவதில்லை. இடம் மட்டும் மேஸ்திரிக்கு அப்படியே இருக்கட்டும், சும்மாவே இருக்கட்டும். நஷ்டம் வந்தால் தனக்கு வரட்டும். இந்த முடிவுக்கு வந்ததும் அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை வருஷம் கறார்க்காரி என்று பெயர் வாங்கியவள், நல்லவள் என்று பெயர் வாங்கப் போகிறாள். புருஷனிடம் சொன்னாள். அவரும், "இப்பதான் நீ மனுஷி" என்றார். பாவம், இரண்டு பேருக்கும் அதற்கு மேல் தெரியவில்லை.

மாதக் கடைசியில் வந்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிள்ளைகள் வார்டு மூன்றாவது மாடி. சுவரெல்லாம் யானையும் மீனுமாக வரைந்திருந்தார்கள். நடைபாதை பெஞ்சுகளில் பிளாஸ்கும் போர்வையுமாக அம்மாக்கள் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். வாசலில் இருந்த நர்ஸ், ஒரு பத்து நிமிஷம்தான் என்று சொல்லி, கையைக் கழுவச் சொல்லி, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள ஒரு துணியைக் கொடுத்தாள்.

கட்டிலில் கிடந்தது மேஸ்திரிதான் என்று கண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பார்வை மட்டும் மாறவில்லை. மருந்து பாட்டிலைச் சரிசெய்துகொண்டிருந்த இன்னொரு நர்ஸிடம், "மெதுவா சொட்டுது" என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மெதுவாத்தான் சொட்டணும் தங்கம்" என்றாள் நர்ஸ்.

பெரியம்மாவைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என் பாய்ல யாரு படுக்கறா?"

"யாரும் இல்லடி. உன் பாய் உன்னோடதுதான்."

"வாத்து?"

"அவன் உருண்டு வருவான். நான் காலைப் பிடிச்சு இழுத்துப் போட்டுருவேன்."

மேஸ்திரி திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். பெரியம்மா அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தாள். போர்வைக்கு அடியில் கால் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்படி இருந்தது.  வெளியே வந்து, தையல்காரியைப் பெஞ்சில் உட்காரவைத்து, இடுப்பில் செருகியிருந்த காசுப் பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"என்ன பெரியம்மா இது?"

"நீ குடுத்த காசும்மா. இவ இங்க வந்ததுலருந்து குடுத்தது எல்லாமே இருக்கு. மருந்து மாத்திரைன்னு உனக்கு எவ்வளவு செலவு. இனிமேலும் நீ குடுக்க வேண்டாம்."

தையல்காரி பொட்டலத்தைத் தொடவில்லை. மடியில் ஏதோ ஊர்ந்து வந்து உட்கார்ந்துவிட்டது போல அசையாமல் இருந்தாள்.

"டாக்டர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"டாக்டர் எதுக்கும்மா என்கிட்ட சொல்றாரு? நான் அவரைப் பாக்கவே இல்லையே."

"அப்புறம் ஏன் காசு வேணாங்கறீங்க?"

"கஷ்டப்படறியேன்னுதான்…"

"இடத்த வேற யாருக்காவது குடுத்துட்டீங்களா?"

"ஐயோ, இல்லம்மா. இப்பதானே அவகிட்ட சொன்னேன். இடம் இருக்கும். சும்மாவே பிடிச்சு வைக்கறேன்."

"சும்மா பிடிச்சு வச்ச இடம் எத்தன நாளைக்கு இருக்கும் பெரியம்மா? நீங்கதானே சொல்வீங்க, காசு குடுத்தாத்தான் அது பிள்ளையோட இடம்னு."

 தையல்காரி அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பேசியதில்லை. குரலை உயர்த்தவும் இல்லை, தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஆலையில சூப்பர்வைசர் நல்லவரு. வேலையப் பத்திக் கவலப்படாதம்மா, மெதுவா வான்னாரு. போய்ப் பாத்தா என் மெஷின்ல வேற பொண்ணு உக்காந்திருக்கு. வீட்டுக்காரம்மா வாடகை அப்புறம் பாத்துக்கலாம்னுட்டாங்க. மருந்துக் கடைக்காரர் என் மூஞ்சியப் பாத்தாலே காசு வாங்க மாட்டேங்கறாரு. போன வாரம் அந்தப் பெரிய ஊசிக்குக் கட்டறதுக்குக் கீழ கவுண்டருக்குப் போனேன். இனி கட்ட வேண்டாம்மா, அத நிறுத்தியாச்சுன்னாங்க. எல்லாரும் நல்லவங்கதான் பெரியம்மா. எல்லாரும் வேணாம் வேணாம்னுதான் சொல்றாங்க. அவ திரும்பி வருவான்னு காசு வாங்கறது நீங்க ஒருத்தர்தான். மாசம் ஒரு தடவை உங்க கையில காசு குடுத்துட்டு வந்தா, எனக்கு அந்த மாசம் ஓடிடும்."

நடைபாதையில் யாரோ தள்ளுவண்டியில் போர்வைகளைக் குவித்துக்கொண்டு போனார்கள். அது கடந்து போகும்வரை இருவரும் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தான் என்ன செய்துவிட்டோம் என்பது பெரியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்டால் இன்னும் மோசமாகிவிடும் என்றும் தெரிந்தது. மடியிலிருந்த பொட்டலத்தை வெடுக்கென்று எடுத்துத் தன் இடுப்பில் திரும்பச் செருகிக்கொண்டாள்.

"சரி, நான்தான் தெரியாம பேசிட்டேன். வேணாம்னா விடு. நாளைக்கழிச்சு ஒண்ணாம் தேதி, ஞாபகம் இருக்கா?"

தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கு."

"தள்ளிப் போடாத. எனக்குப் பிடிக்காது, தெரியும்ல."

"தெரியும் பெரியம்மா. வந்துடறேன்."

படியிறங்கும்வரை தாக்குப்பிடித்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அழுதாள். ஊசியை நிறுத்தியாச்சு என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒண்ணாம் தேதி தையல்காரி வந்தாள். பாயைச் சரிசெய்தாள், காசை நீட்டினாள். பெரியம்மா வாங்கி, அதுவரை ஒரு நாளும் செய்யாத காரியமாக, அவள் முன்னாலேயே எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக எண்ணினாள். ஒரு நோட்டின் ஓரம் கிழிந்திருந்தது.

"இது செல்லாது. வேற குடு."

"ஓரம்தானே பெரியம்மா?"

"கடைக்காரன் வாங்கமாட்டான். அப்புறம் நான் உன்னைத் தேடிட்டு ஆஸ்பத்திரிக்கு வரவா?"

தையல்காரி பையைத் துழாவி வேறு நோட்டு எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. அந்தச் சிரிப்புக்காக அங்கிருந்த நோட்டையெல்லாம் கிழிந்தது என்று சொல்லத் தயாராக இருந்தாள் பெரியம்மா.

பின்னறையிலிருந்து இதைப் பார்த்த வாட்ச்மேன், தையல்காரி படி தாண்டியதும் பிடித்துக்கொண்டார். "திருப்பிக் குடுக்கறேன்னு போனவ, கிழிஞ்ச நோட்டை மாத்தி வாங்கறியா? உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

"கத்தாதீங்க. பிள்ளைங்க தூங்குது" என்றாள். அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவளால் முடியவில்லை. சொன்னால் அழுதுவிடுவாள். அவர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

பேக்கரிக்காரிக்கும் இடமில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். சொன்னபடியே முதலாளி அவளை நிறுத்திவிட்டார். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்று, தெருவே கேட்கும்படி நன்றாகக் கேட்டாள். பெரியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். அந்தப் பெண் கேட்டதில் ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை. யாரோ ஒருத்தியைத் தாங்கிப் பிடிக்கப்போய் இன்னொருத்தியைக் கீழே விட்டுவிட்டோம் என்பது அவளுக்கும் தெரியும். மத்தியானம் வழக்கம்போல அஞ்சு பாயும் விரித்தாள்.

அந்த மாதம் நகரவே இல்லை. பெரியம்மா நாள்காட்டியைப் பார்ப்பதும், பார்க்காதது போல் இருப்பதுமாக இருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கலாமா என்று நினைப்பாள். போனால் தன் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து விட்டுவிடுவாள். காசு வரட்டும், காசு வந்தால் பிள்ளை இருக்கிறாள் என்று அர்த்தம். அவளும் இப்போது தையல்காரி மாதிரியே ஒண்ணாம் தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

ஒண்ணாம் தேதி காலை. வாத்து வந்து தம்ளரைக் கீழே தள்ளியாயிற்று. மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து, செருப்பைக் கண்டபடி கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்கள். பெரியம்மா குனிந்து சிந்திய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. தையல்காரி நின்றாள். மத்தியானம் வருகிறவள் காலையிலேயே வந்திருந்தாள். உடுப்பு கசங்கியிருந்தது. கையில் பை இல்லை, பிளாஸ்க் இல்லை.

"ஒண்ணாம் தேதியாச்சே பெரியம்மா" என்றாள். "நான் வரலன்னா நீங்க பாத்துட்டே இருப்பீங்க. அதான் பஸ் ஏறி வந்துட்டேன்."

"உள்ள வாம்மா."

"காசு கொண்டு வரல."

பெரியம்மா துணியைக் கையில் பிடித்தபடி எழுந்தாள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அதை அவள் கேட்கவில்லை.

"பரவால்லம்மா. அடுத்த வாரம் குடு."

"இல்ல பெரியம்மா…"

"அடுத்த மாசம் சேத்துக் குடு. ஒண்ணும் அவசரம் இல்ல. நான் கேக்கவே மாட்டேன். இருக்கும்போது குடு."

"விடிகாலையில போயிட்டா பெரியம்மா. தூக்கத்துலயே. அவரு அங்க கையெழுத்து போட்டுட்டு இருக்காரு."

பிள்ளைகள் உள்ளே ஒரு பந்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா ஈரக் கையாலேயே தையல்காரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.  ஆஸ்பத்திரிப் பெஞ்சில் வைத்து அந்த மடியில் போட்ட பொட்டலம்தான் அவள் கண்ணுக்குள் நின்றது. அன்று தன் வாயால் வேண்டாம் என்று சொன்னதால்தான் இப்படி ஆகிவிட்டது என்று, அறிவுக்கு ஒவ்வாத ஒரு பயம் அவளைப் பிடித்து உலுக்கியது.

"நான் வேணாம்னு சொல்லலம்மா" என்றாள். "காசு வேணாம்னு நான் சொல்லவே இல்ல. தெரியாம ஒரு வார்த்த வந்துடுச்சு. நான் வாங்கறேன்னுதானே சொன்னேன்? நான் வாங்கிட்டுத்தானே இருந்தேன்?" சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தையல்காரியும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"தெரியும் பெரியம்மா" என்றாள். "நீங்க கடைசி வரைக்கும் வாங்கினீங்க."